ஊருக்குப் போன இடத்தில் வயிறு குழம்பினால்: கைமருந்து எது, எதுவரை?

ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவை ஒட்டி யாழ்ப்பாணம் போகும் குடும்பங்களில் யாராவது ஒருவர் முதல் வாரத்திலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுப்பது வழமை. பிள்ளைகளோடு போனால் ஒருவர் எழும்ப அடுத்தவர் படுப்பார். உடனே வீட்டில் உள்ள பெரியவர்கள் ஆளுக்கொரு மருந்து சொல்லத் தொடங்குவார்கள். அவற்றில் பல நல்ல மருந்துகள். சில ஆபத்தானவை. எதை எப்போது எடுப்பது, எங்கே நிறுத்துவது என்பது தெரிந்திருந்தால் விடுமுறையின் பாதி பிழைக்கும்.

முதலில் காரணம். எல்லாம் கிருமியால் வருவதில்லை. நீண்ட விமானப் பயணம், நித்திரைக் குறைவு, வெயில், பழக்கம் விட்டுப்போன உறைப்பு. இவற்றோடு சொந்தக்காரர் வீடுகள். காலையில் பெரியம்மா வீட்டில் இடியப்பமும் சொதியும், பதினொரு மணிக்கு இன்னொரு வீட்டில் பலகாரமும் பால்தேத்தண்ணியும், மத்தியானம் மாமி வீட்டில் நண்டுக்கறி. எந்த வயிறும் இதற்குத் தாங்காது. வேண்டாம் என்று வெறுமனே சொன்னால் மனம் நோகும். "வயிறு சரியில்லை மாமி, இஞ்சி போட்டு ஒரு பிளேன்ரீ மட்டும் தாங்கோ" என்று கேட்டுப் பாருங்கள். சாப்பாடு போட்டதைவிடச் சந்தோஷமாகப் போட்டுத் தருவார்.

அடுத்தது தண்ணீர். குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லில் தேங்கி நிற்பது. மலசலகூடக் குழியும் கிணறும் கிட்டக் கிட்ட இருக்கும் வளவுகளில் கிருமி சுலபமாகக் கலந்துவிடும். அதனால் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுக் குடியுங்கள். போத்தல் தண்ணீர் என்றால் மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பல் துலக்கவும் அதே தண்ணீர்தான். ஆனால் தோட்டப் பசளையால் கிணறுகளில் சேரும் நைத்திரேற்று கொதிக்கவைத்தாலும் போகாது. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிறவர்கள் கிணற்றுத் தண்ணீரை விட்டுவிட்டுப் போத்தல் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பாவிப்பதே நல்லது. கோயில் வீதியில் தண்ணீர்ப்பந்தல்காரர் அன்போடு நீட்டும் மோரையும் சர்க்கரைத் தண்ணீரையும் பிள்ளைகளுக்குக் கொடுப்பதை நான் தவிர்ப்பேன். ஐஸ் போட்ட பழச்சாறும் அப்படித்தான்.

சரி, ஓங்காளம் வந்துவிட்டது. காய்ச்சல் இல்லை, சாப்பாடு கூடிப்போனதுதான் காரணம் என்றால் இஞ்சிதான் முதல் மருந்து. குமட்டலுக்கு இஞ்சி உதவுவது ஆராய்ச்சிகளிலும் தெரிந்த விஷயம். பெருவிரல் நுனியளவு பச்சை இஞ்சியைத் தோல் சீவித் தட்டி, கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். இஞ்சி காரம் இறங்கிய தண்ணீர் வெளிர்மஞ்சளாக இருக்கும், தொண்டையில் இலேசாக எரியும். அதைச் சிறு பனங்கட்டித் துண்டைக் கடித்துக் கடித்து, மிடறு மிடறாகக் குடிக்க வேண்டும். ஒரே மூச்சில் குடித்தால் அதே வேகத்தில் வெளியே வரும். மல்லியை இலேசாக வறுத்து, உடைத்து, இஞ்சியோடு அவிக்கும் மல்லித்தண்ணியும் நல்லது. வாயு நிறைந்து வயிறு ஊதினால் நற்சீரகம் அல்லது ஓமம் அவித்த தண்ணீர் ஆறுதல் தரும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் இஞ்சியைச் சாப்பாட்டு அளவுக்கு மேல் எடுக்க வேண்டாம்.

குறிகட்டுவானில் இருந்து நெடுந்தீவுக்குப் படகேறுகிறவர்களுக்கும் இஞ்சி உதவும். பயணம் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம். காற்றுக் காலத்தில் நல்ல ஆட்டம் இருக்கும். புறப்பட அரை மணிக்கு முன்பே இஞ்சித் தேநீரைக் குடித்துவிடுங்கள். வெறும் வயிற்றோடும் போகாதீர்கள், முட்ட முட்டச் சாப்பிட்டும் போகாதீர்கள். டீசல் மணம் அடிக்காத, காற்றுப் படும் இடமாகப் பார்த்து இருந்து, அடிவானத்தைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். ஒரு தேசிக்காயைக் கையில் வைத்து மணப்பது சிலருக்குப் பிடிக்கும். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இருந்து வான் வண்டியில் வரும் நீண்ட பயணத்துக்கும் இதே முறைதான்.

வயிற்றோட்டம் வேறு கதை. "தண்ணி குடுத்தால் இன்னும் போகும், வயிறு காயட்டும்" என்று அப்பாச்சிமார் சொல்வதை இந்த ஒரு விடயத்தில் கேட்கவே கூடாது. வயிற்றோட்டத்தில் உயிருக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் உடம்பில் இருந்து தண்ணீரும் உப்பும் போய்விடுவதால். அவற்றைத் திரும்ப உள்ளே விடுவதுதான் வைத்தியம். அதற்கான உப்பும் சீனியும் கலந்த தூளை இலங்கையில் எந்தப் பாமசியிலும் ஜீவனி என்று கேட்டால் தருவார்கள். வந்து இறங்கியதுமே நாலைந்து பக்கற் வாங்கி வையுங்கள், நடுச்சாமத்தில் தேடி அலைய வேண்டியிருக்காது. பக்கற்றில் சொல்லியிருக்கும் அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அது கிடைக்காத இடத்தில் கொதித்தாறிய தண்ணீர் 1 லீற்றரில் மட்டமாக அள்ளிய 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் போட்டுக் கரையுங்கள். சீனி ருசிக்காகச் சேர்ப்பதல்ல. குடலில் உப்பு உறிஞ்சப்படச் சீனி வேண்டும், உப்பு போகும் பக்கம் தண்ணீரும் போகும். கரைத்ததை ஒருநாளுக்கு மேல் வைக்க வேண்டாம்.

இளநீரை எல்லாரும் சொல்வார்கள். குடியுங்கள், நல்லதுதான். ஆனால் அதில் பொட்டாசியம் கூட, சோடியம் குறைவு என்பதால் ஜீவனிக்கு ஈடாகாது. சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொட வேண்டாம். சோடாவை விட்டுவிடுங்கள். அவ்வளவு சீனி வயிற்றோட்டத்தைக் கூட்டும்.

சாப்பாடு: சத்தி நின்றதும் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, குழைந்த சோறு, உறைப்பில்லாத ரசம், கதலி வாழைப்பழம். பாலையும் பொரியலையும் தள்ளி வையுங்கள். பட்டினி கிடக்கத் தேவையில்லை.

சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். சத்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாக ஜீவனி கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. வசம்பு உரைத்து நாக்கில் தடவுவோம் என்று யாராவது வந்தால் பணிவாக மறுத்துவிடுங்கள், அது குழந்தைகளுக்கு நஞ்சாகக்கூடும். ஒரு வயதுக்குள் தேனும் கூடாது. வயிற்றோட்டத்தை நிறுத்தும் குளிசைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். பெரியவர்களும் காய்ச்சலோ மலத்தில் இரத்தமோ இருந்தால் அவற்றை எடுக்கக் கூடாது.

கைமருந்தை விட்டுவிட்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டிய நேரம் எது? மலத்தில் இரத்தம் கண்டால், குடித்தது எதுவும் தங்காமல் சத்தியானால், பல மணித்தியாலமாகச் சிறுநீர் போகாவிட்டால், பிள்ளை சோர்ந்து கண் குழி விழுந்தால் உடனே போங்கள். வயோதிபர், கர்ப்பிணிகள், சலரோகம் உள்ளவர்கள் என்றால் இன்னும் முந்திப் போக வேண்டும்.

காய்ச்சலோடு ஓங்காளமும் வயிற்றுக் குத்தும் வந்தால் அதை வெறும் செமியாக்குணம் என்று நினைத்து இஞ்சித் தண்ணியோடு இருந்துவிடாதீர்கள். டெங்கும் அப்படித் தொடங்கலாம், மாரி மழைக்காலத்தில் இன்னும் கவனம். இரத்தப் பரிசோதனை செய்யும்வரை பரசிட்டமோல் மட்டும்தான். இபுபுரூபன், அஸ்பிரின் இரத்தப்போக்கைக் கூட்டிவிடும். காய்ச்சல் விட்டதும் வயிற்று நோவும் சத்தியும் கூடினால் அதுதான் டெங்கின் ஆபத்தான கட்டம். அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசில்லை.

புறப்பட ஒரு மாதத்துக்கு முன்பே உங்கள் நாட்டு வைத்தியரிடம் நெருப்புக்காய்ச்சல் (ரைபொயிட்), ஹெப்பற்றைற்றிஸ் ஏ ஊசிகளைப் பற்றிக் கேளுங்கள். ஊரில் பிறந்து வளர்ந்த உடம்புதானே என்று பெரியவர்கள் தட்டிக்கழிப்பார்கள். வெளிநாட்டில் பல வருடம் இருந்தபின் அந்தக் கணக்கு எப்போதும் சரிவராது. திரும்பி வந்தபின் காய்ச்சல் வந்தாலோ, வயிற்றோட்டம் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தாலோ, இலங்கை போய்வந்ததையும் போன திகதிகளையும் வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.