பக்கவாதத்துக்குப் பின் தனியே ஒரு பயணம்

என் கணவர் மறைந்து ஓராண்டு நிறைவதற்குள் எனக்குப் பக்கவாதம் வந்து, இடக்கையும் இடக்காலும் தளர்ந்தன. காரைக்குடியை அடுத்த எங்கள் ஊரில், வீட்டு முகப்பிலிருந்து உள்முற்றமான வளவுக்கு வருவதே ஒரு யாத்திரை போலிருந்த அந்த நாட்களில், 'தைரியமாக இருங்கள் ஆச்சி' என்று சொல்லாத உறவினர் இல்லை. அந்தச் சொல்லால் ஒரு படியைக்கூட என்னால் ஏற முடியவில்லை. உதவியவை வேறு.

முதலில், அழுகையை மருத்துவரிடம் சொல்லுங்கள். பக்கவாதத்துக்குப் பின் அடக்க முடியாமல் அழுகை பீறிடுவது மூளையில் ஏற்பட்ட பாதிப்பாலும் இருக்கலாம். மனச்சோர்வும் பலருக்கு வருகிறது. இரண்டுக்கும் சிகிச்சை உண்டு என்பதால், துணையை இழந்த துக்கம்தானே என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள்.

பயணப் பயிற்சிக்கு நம் வீட்டு நிலைப்படிகளே போதும். ஊன்றுகோலை நல்ல பக்கத்துக் கையில் பிடித்து, ஏறும்போது நல்ல காலையும், இறங்கும்போது கோலையும் தளர்ந்த காலையும் முதலில் வையுங்கள். இயன்முறை மருத்துவர் உடனிருந்து பார்த்துச் சரியென்று சொல்லும்வரை தனியே முயலாதீர்கள். ரயில் பெட்டியின் படிக்கும் இதே முறைதான். ஈரம் பட்ட வழவழப்பான ஆத்தங்குடித் தரைக்கல்லில் மட்டும் எந்த முறையும் பலிக்காது.

முதல் வெளியூருக்குக் குன்றக்குடி வேண்டாம், அது மலைக்கோயில். பிள்ளையார்பட்டிக்கு விடியற்காலையில் போய்வாருங்கள். உணர்வு குறைந்த பாதத்துக்கு வெயிலில் காய்ந்த கல்தளத்தின் சூடு தெரியாது, கொப்புளம் கண்ட பிறகுதான் தெரியும். நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். விரதம் என்று மாத்திரையையோ, வழியில் கழிப்பறை இருக்காதே என்று தண்ணீரையோ தவிர்ப்பதும் ஆபத்து.

பிறகு, மருத்துவர் அனுமதித்தால், ரயில். ஒரு கையில் கோல், மறு கையில் பலமில்லை என்னும்போது பெட்டியைத் தூக்க மூன்றாவது கை கிடையாது. ஆகவே முதுகில் மாட்டும் சிறு பையோடு கிளம்புங்கள். காரைக்குடியிலிருந்து சென்னைக்குப் பகலில் ஓடும் பல்லவன் விரைவு ரயில் நல்லது. நடைபாதையை ஒட்டிய இருக்கையில் அமர்ந்து, மணிக்கொரு முறையாவது எழுந்து நில்லுங்கள். இரவு வண்டியானால், 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கும் கீழ்ப் படுக்கைக்கான ஒதுக்கீடு இருப்பதை மறவாதீர்கள். மாத்திரைகளை இரண்டு பங்காக்கி, ஒரு பங்கை இடுப்புச் சுருக்குப்பையில் வையுங்கள். மருந்துகளின் பெயரும் பிள்ளைகளின் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை ஒன்றும் அதில் இருக்கட்டும். வாய் குழறினால் அது பேசும். முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

பயணச்சீட்டு எப்போதும் அவர் சட்டைப்பையில்தான் இருக்கும். முதல் பயணத்தில் பரிசோதகர் கேட்டபோது என் கண்கள் பக்கத்து இருக்கையைத்தான் தேடின. அப்படி ஒரு நொடி உங்களுக்கும் வரும். அதற்காக அடுத்த நிலையத்தில் இறங்கிவிடாதீர்கள்.

வீடு திரும்பியபின் இரண்டு நாள் களைப்பு இருக்கும், அது இந்த நோயோடு வருவது. அடுத்த பயணத்துக்கான நாளை நாட்காட்டியில் குறித்துவிட்டுப் படுங்கள்.