சுண்டெலிக்கு அறுவை சிகிச்சை: மயக்கம் தொடங்கியது முதல் விழிக்கும் வரை உடல் சூட்டைக் காப்பது எப்படி?

கத்தியைக் கையில் எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பே வெப்ப விரிப்பை இயக்கிவிடுங்கள். ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். மயக்க மருந்தின் அளவு, தையல் நூல், கத்தியின் எண் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

காரணம் எளியது. வளர்ந்த சுண்டெலியின் எடை 20 முதல் 30 கிராம். ஓர் எலுமிச்சம்பழத்தின் எடைகூட இருக்காது. அவ்வளவு சிறிய உடலில் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு மிக அதிகம். சூடு வெளியேறிக்கொண்டே இருக்கும். விழித்திருக்கும் சுண்டெலி சுருண்டு படுக்கும், நடுங்கும், கூடு கட்டி அதற்குள் புகுந்துகொள்ளும். மயக்கத்தில் இவை ஒன்றுமே நடக்காது. போதாக்குறைக்கு ஐசோஃப்ளூரேன் போன்ற மயக்க மருந்துகள் தோலடி இரத்தக் குழாய்களை விரியச் செய்வதால் உள்ளிருக்கும் சூடு வாலுக்கும் பாதங்களுக்கும் ஓடி வீணாகிறது. எதுவும் செய்யாமல் விட்டால் முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களிலேயே உடல் வெப்பநிலை சில டிகிரி இறங்கிவிடும். இறங்கிய சூட்டை மீட்பது கடினம். இறங்காமல் காப்பது எளிது.

மயக்கத்துக்கு முன்

அறையில் ஏசி 22 டிகிரியில் ஓடிக்கொண்டிருக்கும். மேலங்கியும் கையுறையும் போட்டிருக்கும் நமக்கு அது சுகம். சுண்டெலி தன் உடலைச் சூடாக வைக்கத் தனியாக உழைக்கத் தேவையில்லாத வெப்பநிலையோ ஏறத்தாழ 30 டிகிரி. எனவே ஏசியின் காற்று மேசைமேல் நேராக விழாதபடி திருப்பிவிடுங்கள். தோலடியில் செலுத்தும் செலைனை 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வைத்துவிடுங்கள். விலங்கை உள்ளே வைத்து மயக்க மருந்தின் ஆவியைச் செலுத்தும் மயக்கப் பெட்டியின் அடியிலும் ஒரு வெப்ப விரிப்பு வேண்டும். பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். சூடு இறங்கத் தொடங்குவது அந்தப் பெட்டிக்குள்தான்.

எந்த விரிப்பு நல்லது? மலக்குடலுக்குள் வைத்து வெப்பநிலையை அளக்கும் உணரியோடு இணைந்து, விலங்கின் வெப்பநிலையைப் பார்த்துத் தானே கூட்டிக் குறைக்கும் கருவிதான் முதல் தேர்வு. அது இல்லாவிட்டால் வெந்நீர் சுழலும் விரிப்பு. முதுகுவலிக்குப் பயன்படுத்தும் வீட்டு மின்விரிப்பைத் தயவுசெய்து கொண்டுவராதீர்கள். அது ஓரிடத்தில் அதிகமாகச் சுடும். மயக்கத்தில் இருக்கும் விலங்கு நகர்ந்துகொள்ளாது, தோல் வெந்துவிடும். சூட்டு விளக்கிலும் அதே ஆபத்து உண்டு, கண்ணும் உலர்ந்துபோகும். கையுறையில் வெந்நீர் நிரப்பிப் பக்கத்தில் வைக்கும் பழைய வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். சற்று நேரத்தில் அந்த நீர் ஆறிவிடும். ஆறிய பிறகு அதுவே விலங்கின் சூட்டை உறிஞ்சும்.

மேசையில்

உலோக மேசைமேல் நேராகக் கிடத்த வேண்டாம். விரிப்பின்மேல் மெல்லிய துணி ஒன்றே ஒன்று, அதன்மேல் சுண்டெலி. கண்ணுக்குக் களிம்பு இடுங்கள். கத்தி வைக்கும் இடத்தில் மட்டும் முடியை மழியுங்கள். அதன் உடலில் இருக்கும் ஒரே போர்வை அதுதான். தோலைச் சுத்தம் செய்யும்போது ஸ்பிரிட்டை ஊற்றி நனைத்துவிடாதீர்கள். ஆவியாகும்போது அது சூட்டையும் கொண்டுபோய்விடும். பஞ்சுக் குச்சியில் தொட்டுத் தடவினால் போதும்.

உணரியின் முனையில் வாஸ்லின் தடவி ஏறத்தாழ 2 செ.மீ. உள்ளே செலுத்துங்கள். தடை தெரிந்தால் அழுத்த வேண்டாம். பிறகு அதன் கம்பியை வாலின் அடிப்பகுதியோடு சேர்த்து ஒட்டுங்கள். இந்த ஒட்டும் வேலையை அலட்சியமாகச் செய்யக் கூடாது. உணரி நழுவி வெளியே வந்துவிட்டால் அது அறையின் வெப்பநிலையைத்தான் காட்டும். விலங்கு குளிர்ந்துவிட்டது என்று கருவி நினைத்து விரிப்பை மேலும் மேலும் சூடாக்கும். திரையில் எண் திடீரென்று இறங்கினால் முதலில் உணரி இருக்கும் இடத்தைப் பாருங்கள். சூட்டைக் கூட்டுவது பிறகு.

இலக்கு 37 டிகிரி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சோடு சேர்த்து இதையும் குறித்துக்கொள்ளுங்கள். 36-க்குக் கீழே போனால் போர்த்துங்கள், 38-ஐத் தாண்டினால் விரிப்பைக் குறையுங்கள். அதிகச் சூடும் கொல்லும். போர்த்துவதற்குச் சமையலறையில் உணவை மூடும் மெல்லிய ஒளிபுகு தாள் அருமையாக உதவும். வெட்டும் இடத்தில் ஒரு துளை போட்டால் போதும். மூச்சு விடுவதும் கண்ணுக்குத் தெரியும். வயிற்றைத் திறக்கும் சிகிச்சையில் சூடு இன்னும் வேகமாகக் குறையும். உறுப்புகளை நனைக்கும் செலைனும் வெதுவெதுப்பாகவே இருக்கட்டும்.

தையல் முடிந்த பிறகு

பெரும்பாலான தவறுகள் நடப்பது இங்கேதான். நான் ஆய்வு மாணவனாக இருந்த முதல் ஆண்டில் ஒரு சுண்டெலிக்குத் தையல் சுத்தமாக முடிந்தது, மருந்தின் அளவும் சரி. ஆனால் தையல் முடிந்ததும் விரிப்பை அணைத்துவிட்டு அதைச் சாதாரணக் கூண்டுக்கு மாற்றிவிட்டேன். இரண்டு மணி நேரமாகியும் அது எழவில்லை. தொட்டபோது உடல் சில்லென்றிருந்தது. மருந்தைக் கூட்டிவிட்டேனோ என்று கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பிழை கணக்கில் இல்லை. உடல் குளிர்ந்தால் மருந்து கரைந்து வெளியேறுவதும் மெதுவாகிவிடும். மெதுவானால் மயக்கம் நீளும். நீண்டால் உடல் இன்னும் குளிரும். அன்று மாலை அது இறந்துபோனது. இன்றும் அதை மறக்கவில்லை.

எனவே தேறும் கூண்டை முன்கூட்டியே சூடாக்கி வையுங்கள். கூண்டின் பாதி மட்டும் விரிப்பின்மேல் இருக்க வேண்டும், மறுபாதி வெளியே. விழித்த பிறகு சூடு அதிகம் என்று தோன்றினால் அது தானே நகர்ந்துகொள்ளும். மயக்கம் தெளியும் வரை அடியில் மரத்தூள் வேண்டாம். மூக்கிலும் வாயிலும் ஒட்டும். டிஷ்யூ தாள் விரியுங்கள். விழித்திருக்கும் மற்ற சுண்டெலிகளோடு இப்போதே சேர்க்காதீர்கள், கடித்துவிடலாம். விலங்கு மருத்துவர் குறித்த வலி மருந்தையும் வெதுவெதுப்பான செலைனையும் நேரம் தவறாமல் கொடுங்கள்.

மல்லாத்தினால் தானே புரண்டு நிமிர்கிறதா, நான்கு காலில் தடுமாறாமல் நடக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் வரும் வரை பக்கத்தை விட்டு நகரக் கூடாது. நடந்த பிறகு கூடு கட்டக் கிழித்த தாளும், தரையிலேயே எட்டும்படி ஈரமான தீவனமும் வையுங்கள். முதல் இரவு முழுக்கப் பாதிக் கூண்டின் சூடு இருக்கட்டும்.

இவற்றையெல்லாம் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவுக்குக் கொடுக்கும் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். எந்த விரிப்பு, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை அளவீடு, கண்காணிப்பவர் யார் என்பதெல்லாம் அதில் வரட்டும். சூடு இறங்கிய விலங்கின் இதயத் துடிப்பும் இரத்த ஓட்டமும் மாறிவிடுவதால், அதிலிருந்து எடுத்த அளவுகளையும் நம்ப முடியாது.

கிளம்பும் முன் கூண்டு அட்டையில் கடைசியாகப் பார்த்த நேரத்தையும், அப்போது அது என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் எழுதுங்கள். இரவுப் பணியில் இருப்பவரிடம் விரிப்பை அணைக்க வேண்டாம் என்று நேரில் சொல்லிவிட்டுப் போங்கள்.