பேரப்பிள்ளைகளை வேட்டைக்கு அழைத்துச் செல்லும்போது பெரியவர்கள் செய்யும் தவறுகள்

நவம்பர் கடைசியில், நன்றியறிதல் நாளுக்கு (Thanksgiving) அடுத்த திங்கட்கிழமை, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மலைப்பகுதிகளில் பல பள்ளிகள் இன்றும் திறப்பதில்லை. 1963 முதல் 2018 வரை ரைஃபிள் கொண்டு மான் வேட்டையாடும் பருவம் அந்தத் திங்களில்தான் தொடங்கியது. 2019-இல் தொடக்க நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். விடுமுறை மட்டும் பல ஊர்களில் நிலைத்துவிட்டது. தாத்தா, மகன், பேரன் பேத்தி என்று மூன்று தலைமுறை ஒரே மரக்குடிலில் படுத்து எழுந்து, இருட்டோடு காட்டுக்குள் இறங்கும் காலம் அது.

இந்தியாவில், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை என்றாலே குற்றம் என்று கேட்டு வளர்ந்தவன் நான். இங்கே குடியேறி, பக்கத்து வீட்டுப் பெரியவரோடு சில பருவங்கள் காட்டில் உட்கார்ந்த பிறகுதான் இதன் ஒழுங்கு எனக்குப் புரிந்தது. நல்ல குடும்பங்களிலும் பிள்ளைகள் இதை வெறுத்து விலகுவதைப் பார்த்திருக்கிறேன். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பேரன் முதல் மானை வீழ்த்துவதைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற பெரியவரின் அவசரம்.

அந்த அவசரம் முதலில் துப்பாக்கியில் தெரியும். குடும்பத்தின் பழைய .30-06 ரைஃபிளைப் பத்து வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அது பெரிய ஆளின் தோளையே உதைக்கும். தோளில் பதிக்கும் துப்பாக்கிக் கட்டை பிள்ளையின் கைக்கு நீளம், கன்னம் சரியாகப் பதியாது, குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் இடிக்கும். ஒரே ஒரு முறை அப்படி வலித்தால் போதும், அடுத்து விசையைத் தொடும்போதெல்லாம் பிள்ளை கண்ணை மூடிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தைப் போக்க மாதங்கள் ஆகும். உதை குறைந்த, சிறிய தோட்டா போடும் .22 ரைஃபிளில் தொடங்கி, தாளில் நூற்றுக்கணக்கான தோட்டாக்களைச் சுட்ட பிறகு, மானுக்கு .243 போன்ற இலகுவான ஒன்றுக்குப் போகலாம். கட்டையைப் பிள்ளையின் கைக்கு ஏற்றபடி அறுத்துக்கொடுக்கத் தயங்கக் கூடாது. வலக்கைப் பிள்ளைக்கு இடக்கண் வலுவாக இருப்பதும் உண்டு. இரு கண்ணையும் திறந்தபடி தூரத்து மரத்தை விரலால் சுட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால் எந்தக் கண் ஆள்கிறது என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பலர் இதைப் பார்ப்பதே இல்லை, பிள்ளைக்குக் குறி வராது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

காதையும் மறக்கிறார்கள். துப்பாக்கி வெடி 140 டெசிபலைத் தாண்டும். ஒரே வெடியில்கூடக் கேட்கும் திறன் நிரந்தரமாகக் குறையலாம். "நாங்கள் எதையும் மாட்டிக்கொண்டதில்லை" என்று சொல்லும் தாத்தாவுக்குத்தான் பேத்தி எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது.

பாதுகாப்பு விதிகளைப் பிள்ளைகள் பள்ளிப்பாடம்போல் ஒப்பித்துவிடுவார்கள். எல்லாத் துப்பாக்கியும் நிரப்பியதே என்று கொள், குழல்முனையை ஆள்மேல் திருப்பாதே, குறி உறுதியாகும்வரை விசைமேல் விரல் வைக்காதே, குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார். ஆனால் அவர்கள் கற்பது வாயால் சொன்னதை அல்ல, கண்ணால் கண்டதை. பெரியவர் தோட்டாவை எடுக்காமல் வேலி தாண்டினால் அன்றோடு அந்தப் பாடம் அழிந்தது. ஆரஞ்சு உடையை வெயிலுக்காகக் கழற்றி வைத்தாலும் அப்படித்தான். ரைஃபிள் பருவத்தில் தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் தெரிய வேண்டும் என்பது இங்கே சட்டம். மரத்தில் கட்டிய பரணில் ஏறினால் உடல் முழுவதையும் பிடிக்கும் பாதுகாப்புவார் கட்ட வேண்டும். துப்பாக்கியைவிடப் பரணைக் கண்டு எனக்குப் பயம் அதிகம்.

பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பற்றிய விதியைச் சிலர் சுமையாக நினைக்கிறார்கள். வழிகாட்டுபவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும், பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், நடக்கும்போது துப்பாக்கி பெரியவர் கையில்தான். எனக்கு அது வரமாகத் தெரிகிறது. கை வெறுமையாக இருப்பதால் பிள்ளை தரையைப் பார்க்கிறது: குளம்புத் தடம், ஆண் மான் கொம்பு தேய்த்த மரப்பட்டை, ஓக் கொட்டைகளின் தொலி, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று.

இனி எனக்கு மனம் மிகவும் ஆறாத இடம். பக்கத்து வீட்டுப் பெரியவரின் பேத்திக்கு அப்போது பதினொரு வயது. இருபது கஜத்தில் ஒரு பிணைமான், அதாவது பெண் மான், வந்து நின்றது. அவள் ஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "தாத்தா, இன்றைக்கு வேண்டாம்" என்றாள். அவர் துப்பாக்கியை வாங்கித் தோட்டாவை எடுத்துவிட்டு, "சரி, வா, பசிக்கிறது" என்றார். அவ்வளவுதான். வேறொரு குடிலில் இதே தயக்கத்துக்கு ஒரு பையனை எல்லோரும் சேர்ந்து கேலி செய்ததைப் பார்த்தேன். அவன் மறுநாள் கட்டாயத்துக்குச் சுட்டான், கை நடுங்கியதில் குண்டு மானின் வயிற்றில் பட்டது. குறி தவறியவனின் சட்டையின் பின்நுனியை வெட்டித் தொங்கவிடுவதும், முதல் மானின் இரத்தத்தை முகத்தில் பூசுவதும் சில குடும்பங்களின் சடங்குகள். பிள்ளை விரும்பினால் செய்யட்டும். அழுதுகொண்டு நிற்கும் பிள்ளையின் முகத்தில் பூசுவது கொடுமை. கொன்ற உயிருக்காக அழுவது பலவீனம் அல்ல, அந்தக் கண்ணீரைத் தடுக்காதீர்கள்.

அடிபட்ட மான் ஓடிவிட்டால் பெரியவர் தனியாகப் பின்தொடர்ந்து, பிள்ளையை வண்டியில் உட்காரவைப்பதும் தவறு. அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை, இலையில் தெறித்த இரத்தத்தின் நிறம் எந்த இடத்தில் பட்டது என்று சொல்வதை, கடைசித் துளி கண்ட இடத்தில் துணி கட்டிவிட்டு வட்டமிட்டுத் தேடுவதைப் பிள்ளை கூடவே இருந்து கற்க வேண்டும். இருட்டினாலும் விளக்கோடு தேட வேண்டும். குடல் எடுப்பதும் தோல் உரிப்பதும் அதே பாடத்தின் பகுதி.

வீட்டுக்கு வந்த இறைச்சியிலும் கவனம் வேண்டும். ஈயக் குண்டு உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகச் சிதறும். 2008-இல் வடக்கு டகோட்டாவில், ஏழைகளுக்குக் கொடுத்த மான் கொத்துக்கறியில் ஈயம் தெரியவந்து, அதை அப்புறப்படுத்தச் சொன்னார்கள். குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. செப்புக் குண்டுக்கு மாறுங்கள், காயத்தைச் சுற்றிய சதையைத் தாராளமாக வெட்டி எறியுங்கள். 2012 முதல் இந்த மாநிலத்தில் மான்களை மெலியவைத்துக் கொல்லும் நோயும் (CWD) இருக்கிறது. நோய் கண்ட பகுதியில் சுட்டால் பரிசோதனைக்குக் கொடுத்து முடிவு வந்த பிறகே சமைக்க வேண்டும்.

பழைய கோபங்களைப் பாரம்பரியம் என்று கொடுப்பதும் இங்கே பெரிய குறை. மான் ஏறக்குறைய அற்றுப்போயிருந்த 1907-இல், கொம்பில்லாத மானைச் சுடக் கூடாது என்று சட்டம் வந்தது. அது அந்தக் காலத்துக்குச் சரியான விதி. மான் பெருகி மரக்கன்றுகளையெல்லாம் மேய்ந்து காடு மீண்டும் முளைக்க முடியாமல் போன பிறகும், "பிணையைச் சுடுபவன் வேட்டைக்காரனே அல்ல" என்று தாத்தாக்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2002-இல் இளம் ஆண் மான்களைக் காக்கவும் பிணைகளைக் குறைக்கவும் உயிரியலாளர் கேரி ஆல்ட் ஊர் ஊராகப் போய் விளக்கியபோது அவர் சந்தித்த பகை சாதாரணமானது அல்ல. விதி எதற்காக வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், பிள்ளை வாங்கிக்கொள்வது வெறும் வெறுப்பை.

பருவம் முடிந்தபின் துப்பாக்கி எங்கே இருக்கிறது? சாவி எந்த இழுப்பறையில் என்பது எல்லாப் பேரப்பிள்ளைகளுக்கும் தெரியும். நன்றாகப் பயிற்சி பெற்ற பிள்ளை என்பதால் திறந்து வைக்கலாம் என்பது மிக ஆபத்தான நம்பிக்கை. வளரிளம் பருவத்தில் ஒரு துயரமான இரவு போதும், எட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் அது உயிரைக் கொண்டுபோகும். தோட்டா நீக்கிப் பூட்டி, தோட்டாக்களை வேறிடத்தில் பூட்டி, எண் பூட்டின் எண்ணைப் பெரியவர்கள் மட்டும் வைத்திருங்கள். உங்கள் பிள்ளை நண்பனின் தாத்தா வீட்டுக்குப் போவதாக இருந்தால், அங்கே துப்பாக்கி பூட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். பொறுப்பான வேட்டைக்காரர் யாரும் இந்தக் கேள்விக்குக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் குடிலில் ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறார். தேதி, காற்று, பனி, கண்ட மான்கள், யார் எந்தப் பரணில் என்று நாற்பது ஆண்டுக் குறிப்பு. சுடாமல் திரும்பிய நாள்களே அதில் அதிகம். பேத்தியின் பெயர் முதன்முதலாக வரும் வரியை அவளையே எழுதச் சொன்னார்: "மேற்குக் காற்று. ஒரு பிணை. சுடவில்லை. முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டோம்."