ஒரே ஒரு விதியை மாற்றுங்கள்

அறிவியல் புனைகதை எழுத வருபவர்களில் பலர் முதலில் ஓர் உலகத்தையே கட்டப் பார்க்கிறார்கள். கிரகத்தின் பெயர், மூன்று நிலாக்கள், அரச வம்சம், ஆயுதங்கள் என்று நோட்டு நிரம்பிவிடும், கதை மட்டும் வராது. நான் சொல்லித்தருவது வேறு வழி. நம் உலகத்தில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றுங்கள். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். அப்புறம் அந்த மாற்றம் ஒரு சாதாரணக் குடும்பத்துக்குள் புகுந்து என்ன செய்கிறது என்று பாருங்கள்.

நான் எப்போதும் கொடுக்கும் பயிற்சி இது. மனிதர்கள் செவ்வாய்க் கிரகத்தில் வேலை பார்க்கிறார்கள், அவ்வளவுதான் மாற்றம். மகள் அங்கே, அம்மா இங்கே, இருவருக்கும் சண்டை. ஒளி வேகத்தில் போனாலும் ஒரு செய்தி போய்ச் சேர, கிரகங்கள் நெருங்கியிருக்கும்போது சுமார் 3 நிமிடம், மிகவும் விலகியிருக்கும்போது சுமார் 22 நிமிடம் ஆகும். ஆக, குறுக்கே பேசவே முடியாது. அம்மா "போதும்" என்று சொல்லிவிட்டாலும் அது போய்ச் சேரும்வரை மகள் பேசிக்கொண்டேதான் இருப்பாள். அதையெல்லாம் அம்மா கேட்டே ஆக வேண்டும். மகள் கேட்ட மன்னிப்பு வழியில் இருக்கும்போதே அம்மாவின் அடுத்த கோபம் எதிர்த்திசையில் கிளம்பியிருக்கும். இன்னொன்றும் இருக்கிறது. ஏறக்குறைய 26 மாதங்களுக்கு ஒரு முறை பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் சூரியன் வந்துவிடும். அப்போது அங்குள்ள ஆய்வுக் கலங்களுக்குக் கட்டளை அனுப்புவதைச் சுமார் இரண்டு வாரம் நிறுத்திவைக்கிறார்கள். சண்டை முற்றும் நேரத்தில் அந்த இரண்டு வாரத்தைக் கொண்டுவந்து வையுங்கள்.

மாயக்கதையில் விதி உங்களுடையது. அதனால் இன்னும் கறாராக இருக்க வேண்டும். நிழலை அடகு வைக்கலாம், நீளத்துக்கு ஏற்றபடி பணம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உச்சிப் பொழுதில் கடையில் ஈ ஓட்டுவார்கள், சாயங்காலம் கூட்டம் நெரியும். மேகம் மூடிய நாட்களில் வியாபாரம் படுத்துவிடும். பிள்ளையின் நிழலை அப்பா வைக்கலாமா? நிழல் இல்லாதவனை யார் வேலைக்குச் சேர்ப்பார்கள்? இந்தக் கேள்விகளில்தான் கதை கிடைக்கும். மீட்கப் பணம் இல்லாதவனுக்குக் கடைசிப் பக்கத்தில் ஒரு மந்திரம் நிழலைத் திருப்பிக் கொடுத்தால், வாசகர் அதுவரை நம்பியதெல்லாம் வீண்.

வாசிக்கும்போதும் இதையே தேடுங்கள். 1865இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் தன் நாவலில் மனிதர்களை ஒரு ராட்சத பீரங்கியில் வைத்து நிலவை நோக்கிச் சுட்டார். 1901இல் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் தன் நாவலில் அதே நிலவுப் பயணத்துக்கு ஈர்ப்பு விசையைத் தடுக்கும் ஒரு பொருளைக் கற்பனை செய்தார். பீரங்கி வெடித்த வேகத்திலேயே பயணிகள் செத்திருப்பார்கள். வெல்ஸின் பொருளோ எங்குமே கிடையாது. ஆனாலும் வெல்ஸ் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். அந்தப் பொருள் தயாரானவுடன் அதற்கு மேலே இருந்த காற்று எடையிழந்து பீறிட்டுப் போகிறது, வீட்டுக் கூரையும் பிய்ந்து பறக்கிறது. பொய் ஒன்றுதான், அதன் விளைவை மட்டும் அவர் விடாமல் துரத்துகிறார்.

நான்கு பேர் சேர்ந்து ஒரு கதையைப் பேசும்போது "பிடித்ததா?" என்று தொடங்காதீர்கள். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இந்த உலகத்தின் விதி உங்களுக்கு எந்த வரியில் முதலில் தெரிந்தது என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள், பதில்கள் ஒத்துப்போகாது. அது எங்கே மீறப்பட்டது, அதனால் யாருக்கு நஷ்டம் என்று அடுத்துப் போகலாம். அறிவியல் பிழையைப் பிடித்தவர் கட்டாயம் அதைச் சொல்லட்டும். சரி, அதைத் திருத்தினால் கதை விழுமா, நிற்குமா என்று அவரிடமே கேளுங்கள். எழுதியவரும் கூட இருந்தால் கடைசிவரை வாயைத் திறக்காமல் குறிப்பெடுக்கட்டும். அவர் விளக்கத் துடித்த இடங்கள்தான் அடுத்த வரைவில் கைவைக்க வேண்டிய இடங்கள்.