வீட்டிலேயே கார் டீடெய்லிங்: எவ்வளவு நேரம் ஒதுக்குவது?

ஞாயிறு காலை காபி குடித்துவிட்டு டீடெய்லிங்கை, அதாவது காரை உள்ளும் புறமும் நுணுக்கமாகச் சுத்தம் செய்து மெருகேற்றும் வேலையை, ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம் என்றுதான் பலரும் கணக்குப் போடுகிறார்கள். வெளியே ஒரு வாஷ், உள்ளே வாக்குவம், டயரைப் பளிச்சென்று கருப்பாக்கக் கொஞ்சம் ட்ரெஸ்ஸிங், இவ்வளவுதான் என்றால் சரி, மூன்று மணி நேரம் தாராளம். ஆனால் சீட்டுக்கு ஷாம்பு போட்டு, பெயின்ட்டில் ஒட்டிய துகள்களை எடுக்கக் கிளே பார் (களிமண் போன்ற மென்கட்டி) கொண்டு தேய்த்து, மெஷினில் பாலிஷ் போட்டு, மேலே பாதுகாப்புக்கு வாக்ஸோ (மெழுகு) சீலன்ட்டோ (செயற்கைப் பூச்சு) பூசுவதுதான் திட்டம் என்றால், நடுத்தர அளவு செடானுக்கு ஒரே ஆளாகச் செய்ய 12 முதல் 15 மணி நேரம் பிடிக்கும். எஸ்யூவி என்றால் இன்னும் மூன்று நான்கு மணி நேரம். ஒரே நாளில் இழுத்துப் பிடித்து முடிக்கலாம்தான், ஆனால் கடைசியில் பாலிஷ் போடும்போது கை வலிக்கும், வெளிச்சமும் போயிருக்கும். இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

எதை எப்போது செய்வது என்பதை நம் கை வேகத்தைவிட வெயிலும் ஈரமும்தான் முடிவு செய்கின்றன. வெயிலில் சூடேறிய பானட்டில் ஷாம்பு ஊற்றினால் துடைப்பதற்குள் காய்ந்து கறை கறையாக நிற்கும், பாலிஷும் பொடியாகிவிடும். புறங்கையை வைத்துப் பார்த்தால் சூடு தெரியக் கூடாது. நிழல் இல்லையென்றால் வெளிவேலைக்கு மிஞ்சுவது காலையும் மாலையும் மட்டுமே. துணி சீட்டோ, ஷாம்பு போட்டால் காய 4 முதல் 8 மணி நேரம் ஆகும், அதுவரை கதவும் ஜன்னலும் திறந்தே இருக்க வேண்டும், திறந்து வைத்துக்கொண்டு ஹோஸ் பிடிக்க முடியாது.

அதனால் முதல் நாள் காலையில் உள்வேலை. பொருட்களை எல்லாம் வெளியே எடுத்து, மேட்டை உதறி, சீட்டை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி வாக்குவம் போடுவதற்கே முக்கால் மணி நேரம் போய்விடும், சீட்டின் தண்டவாள இடுக்கில் கிடக்கும் மண்ணும் சில்லறையும் லேசில் வராது. அப்புறம் சீட் ஷாம்பு ஒன்றரை மணி நேரம், நுரையைக் குறைவாகவும் தண்ணீரை இன்னும் குறைவாகவும் வைத்துக்கொண்டால் காயும் நேரம் பாதியாகும். டாஷ்போர்டு, கதவு பேனல், கண்ணாடி எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம். கதவுகளைத் திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். நம்மால் வெளிவேலை செய்ய முடியாத அந்த உச்சி வெயில்தான் சீட்டைக் காய வைக்கும்.

வெயில் இறங்கியதும் வாஷ். வீல்தான் முதலில், இருப்பதிலேயே அழுக்கான இடம் அது, நான்குக்கும் சேர்த்து 40 நிமிடம் ஆகும். பிறகு மேலிருந்து கீழாக இரண்டு பக்கெட் வைத்து (ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர்) கழுவ இன்னொரு 40 நிமிடம். கழுவியதும் அயர்ன் ரிமூவர் (இரும்புத் துகளைக் கரைக்கும் திரவம்) அடித்தால் பிரேக் தூள் ஒட்டிய இடங்களிலெல்லாம் ஊதா நிறத்தில் கோடு கோடாக வழிய ஆரம்பிக்கும், மூன்று முதல் ஐந்து நிமிடம் விட்டு, காய்வதற்குள் கழுவிவிடுங்கள். இப்போது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு ஈரமான பானட்டைத் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்கு வழவழப்பாகத் தெரிந்த பெயின்ட், பைக்குள் இருக்கும் விரலுக்கு மணல் மாதிரி நறநறக்கும். நறநறத்தால் கிளே பார், ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். எந்தப் பேனல் நறநறக்கவில்லையோ அதை விட்டுவிடலாம், அவ்வளவு நேரம் மிச்சம்.

இரவு வண்டி வெளியே நிற்கும் என்றால் மறுநாள் காலையில் தூசியைக் கழுவித் துடைக்க 20 நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் முழுக்க பாலிஷுக்குத்தான். எல்லோரும் தப்புக் கணக்குப் போடும் இடமும் இதுதான். மெஷினை இரண்டடிக்கு இரண்டடி கட்டமாகத்தான் ஓட்ட வேண்டும், ஒவ்வொரு கட்டத்திலும் மெதுவாக நான்கைந்து தடவை குறுக்கும் நெடுக்கும் போய், துடைத்து, லைட் அடித்துப் பார்த்து, மெஷின் முனையில் மாட்டிய பேடைச் சுத்தம் செய்து முடிக்க ஐந்தாறு நிமிடம் ஆகிவிடும். பானட்டில் மட்டும் ஆறு கட்டம், அதற்கே அரை மணி நேரம். முழு வண்டிக்கு 40 கட்டம் என்று வைத்தாலும் நான்கு மணி நேரம், அதுவும் ஒரே ஒரு ஸ்டெப்புக்கு. கொஞ்சம் ஆழமான கீறலுக்காகக் காம்பவுண்ட் (கரகரப்பான பாலிஷ்), பிறகு மெருகேற்ற ஃபினிஷிங் என்று இரண்டு ஸ்டெப் போனால் அப்படியே இரட்டிப்பாகும். ரப்பர், பிளாஸ்டிக் ஓரங்களில் டேப் ஒட்ட அரை மணி, எந்தப் பேடும் எந்தப் பாலிஷும் இந்தப் பெயின்ட்டுக்குப் பொருந்தும் என்று ஒரு மூலையில் சோதித்துப் பார்க்க அரை மணி. இந்தச் சோதனையை மட்டும் தவிர்க்காதீர்கள், பாதி வண்டி முடிந்த பிறகு பாலிஷ் மாற்றுவதைவிட எரிச்சலான வேலை கிடையாது.

நேரம் பற்றாது என்று முன்பே தெரிந்தால் பரப்பளவைக் குறையுங்கள், படிகளைக் குறைக்காதீர்கள். கண்ணுக்கு நேராகத் தெரிவது பானட்டும் கதவின் மேல்பாதியும் டிக்கியும்தான், அங்கே மட்டும் மெஷின் ஓட்டிவிட்டுக் கூரையை அடுத்த மாதத்துக்குத் தள்ளலாம். கிளே போடாமல் பாலிஷ் மட்டும் போடுவதோ, பெயின்ட்டில் ஒட்டியிருக்கும் துகள்களை பேடில் சேர்த்துத் தேய்ப்பதாகிவிடும்.

கடைசியில் பூச்சு. வாக்ஸ் என்றால் பூசி, மங்கலானதும் விரலால் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள், சுத்தமாக வந்தால் துடைக்கலாம், ஒரு மணி நேர வேலை. இறுகி நீண்ட நாள் நிற்கும் செராமிக் கோட்டிங் என்றால் முதலில் பாலிஷ் எண்ணெயைப் பேனல் வைப் என்ற துடைப்புத் திரவத்தால் துடைத்தெடுக்க வேண்டும், பூசிய பிறகு குறைந்தது 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது, ஷாம்பு வாஷுக்குப் பொதுவாக ஒரு வாரம் காத்திருக்கச் சொல்வார்கள். மறுநாள் காலையிலேயே வண்டி வேண்டும், மழையும் வரும்போல இருக்கிறது என்றால் இந்தத் தடவை வாக்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.