தோசையும் பாலும் தவிர எதையும் தொடாத பிள்ளைக்குப் பருப்பும் முட்டையும் பழக்குவது எப்படி?

இது 1 வயது முடிந்து 3 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கான செய்முறை. தேவையானவை: ஒரு பழைய நோட்டு, ஒரு மரமத்து, சின்ன எவர்சில்வர் கிண்ணம் இரண்டு.

முதலில் கணக்கு. இந்த வயதில் ஒரு நாளைக்கு வேண்டிய புரதம் சுமார் 12 முதல் 13 கிராம், அவ்வளவுதான். 200 மில்லி பாலில் 6 கிராமுக்கு மேல் இருக்கிறது. ஒரு முட்டையில் 6. கைப்பிடி அளவுச் சின்ன தோசை ஒன்றில் 2. இரண்டு தோசை, ஒரு டம்ளர் பால், அரைக் கிண்ணம் தயிர்சாதம் என்று ஓடினாலே கணக்கு ஏறக்குறைய நேராகிவிடும்.

அப்படியென்றால் எதற்குக் கவலை? இரண்டு காரணம். பாலில் இரும்புச்சத்து இல்லை என்றே சொல்லலாம். பாலிலேயே வயிறு நிறைகிற பிள்ளை வெளுத்துப்போவது அதனால்தான். இரண்டாவது, அரிசிப் புரதத்தில் லைசின் (புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒன்று) குறைவு. பருப்பில் அது தாராளம். இட்லி மாவில் உளுந்து சேர்வதும் பொங்கலில் பாசிப்பருப்பு சேர்வதும் ருசிக்கு மட்டுமல்ல.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 3 கிலோவில் பிறந்த பிள்ளை முதல் வருடம் 6 கிலோ ஏறும். இரண்டாம் வருடம் 2 அல்லது 2½ கிலோதான். வளர்த்தி குறையும்போது பசியும் குறையும். “போன வருஷம் நல்லாத்தானே சாப்பிட்டான்” என்று ஆயா சொல்வது உண்மைதான். ஆனால் அது நோயில்லை.

படி 1: மூன்று நாள் எழுதுங்கள்

வாயில் போனதெல்லாம் நேரத்தோடு நோட்டில் ஏற வேண்டும். டீயில் நனைத்த பிஸ்கட், எதிர்வீட்டில் கொடுத்த முறுக்கு, தாத்தா கடையில் வாங்கித்தந்த ஜூஸ், எதையும் விடாதீர்கள். மூன்றாம் நாள் பார்த்தால் பெரும்பாலும் ஒரே சித்திரம்தான் தெரியும்: சோற்றுக்கு ஒரு மணி நேரம் முன்னால் பாலோ பிஸ்கட்டோ உள்ளே போயிருக்கும்.

படி 2: பசியை வரவிடுங்கள்

பால் நாளைக்கு மொத்தம் 400 மில்லி, அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு, டம்ளரில். பாட்டிலை நிறுத்துங்கள், ராத்திரி பாட்டிலை முதலில். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு இந்த அளவு வேண்டாம், சாப்பாட்டுக்குச் சற்று முன் மட்டும் தவிர்த்தால் போதும். ஒரு சாப்பாட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 2½ முதல் 3 மணி நேரம், நடுவில் தண்ணீர் மட்டும். டீ வேண்டவே வேண்டாம், சாப்பாட்டில் இருக்கிற கொஞ்ச இரும்பையும் அது உடம்பில் சேரவிடாது.

வேலூர் வெயிலுக்கு ஒரு திருத்தம். சித்திரை, வைகாசியில் மதியம் 1 மணிக்குப் பெரியவர்களுக்கே சோறு இறங்காது. அந்த மாதங்களில் புதிய உணவைக் காலை 7½ மணிக்கு வையுங்கள், மதியம் மோர்சாதத்தோடு விட்டுவிடுங்கள்.

படி 3: தெரிந்த உணவிலிருந்து ஒரே ஓர் அடி

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். பிள்ளைக்குத் தோசை பிடிக்கும் என்று ஒரே நாளில் பச்சைப்பயறு அடை வார்த்து வைக்கிறார்கள். நிறம் பச்சை, வாசனை வேறு, மெல்லும்போது கரகர. மூன்று மாற்றம் ஒரே தட்டில். தட்டு பறந்துபோய் விழும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பச்சைப்பயறுக்குப் பதில் தோல் நீக்கிய பாசிப்பருப்பில் தொடங்குங்கள், நிறம் காட்டிக்கொடுக்காது. 2 மேசைக்கரண்டி பருப்பை (30 கிராம், சுமார் 7 கிராம் புரதம்) ஒன்றரை மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெய் போல அரைத்துத் தனியே வையுங்கள். இஞ்சி, சீரகம் எதுவும் இப்போது வேண்டாம்.

முதல் மூன்று நாள் ஒரு கரண்டி தோசை மாவுக்கு ஒரு டீஸ்பூன் பருப்பு விழுது. அடுத்த மூன்று நாள் இரண்டு டீஸ்பூன். பிறகு மெதுவாக மாவு இரண்டு பங்கு, விழுது ஒரு பங்கு வரை போகலாம். அதற்கு மேல் போகாதீர்கள்.

ஏன் என்றால், பாசிப்பருப்பு தோசை கல்லிலிருந்து எடுக்கும்போது பஞ்சு மாதிரி இருக்கும். பத்து நிமிடம் ஆறினால் ஈரம் வற்றி ரப்பர் போல இழுக்கும். பின்கடைவாய்ப் பல் முழுதாக வராத பிள்ளை அதை மென்று மென்று பார்த்துவிட்டுக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும், இல்லையென்றால் உருண்டையாகத் துப்பும். “பருப்பே பிடிக்கல” என்று வீட்டில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். பருப்பின் மேல் குற்றமில்லை, ஆறிய தோசையின் மேல்தான். அரைக்கும்போது ஒரு கைப்பிடி பழைய சோறு சேருங்கள். சிறு தீயில் மூடி போட்டு வேகவிட்டு, ஓரத்தில் அரை டீஸ்பூன் நல்லெண்ணெய் விடுங்கள். உள்ளங்கை அளவில் வார்த்து, விரல் அகலத் துண்டாகக் கிழித்துச் சூடு தணிந்ததும் கொடுங்கள். அடுத்தது அதன்பிறகு வார்த்தால் போதும்.

முட்டைக்கும் இதே வழி. நன்றாக அடித்த முட்டையில் ஒரு டீஸ்பூன் எடுத்துத் தோசை மேல் தடவி, திருப்பிப் போட்டு முழுக்க வேகவிடுங்கள். வாரக் கடைசியில் அரை முட்டை வரை வந்துவிடலாம். முதன்முறை கொடுப்பது காலையில் இருக்கட்டும். ஒவ்வாமை பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள் தெரியும். தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சு இழுப்பு இருக்கிறதா என்று பார்க்க அது வசதி. அவித்த முட்டையை மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளுகிற பிள்ளைக்கு வாசனைதான் சிக்கல். அதிக நேரம் கொதித்தால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வரும், கந்தக வாடையும் கூடவே வரும். கொதி வந்தபின் 10 நிமிடம், உடனே பச்சைத் தண்ணீரில் போடுங்கள்.

படி 4: பருப்புத் தண்ணீரை நிறுத்துங்கள்

பருப்பையும் காயையும் வேகவைத்து மத்தால் கடைகிற கடைசல் நம் வேலூர்ப் பக்கத்துச் சமையல். பிள்ளைக்கு அதைவிடத் தோதானது குறைவு. ஆனால் நடப்பது என்ன? குக்கர் திறந்ததும் மேலாகத் தெளிந்த நீரை வடித்துக் கடைவது வழக்கம். அந்தத் தெளிநீரைச் சோற்றில் ஊற்றிப் பிள்ளைக்கும், அடியில் நிற்கும் கெட்டியைப் பெரியவர்களுக்கும் பிரிக்கிறார்கள். புரதம் பெரும்பாலும் அடியில்தான் நிற்கிறது. தெளிநீரில் இருக்கும் புரதம் கொஞ்சம்தான்.

3 மேசைக்கரண்டி துவரம்பருப்பு, கத்தரிக்காய் 2, தக்காளி 1, சின்ன வெங்காயம் 5, பூண்டு 2 பல், சிட்டிகை மஞ்சள், ஒரு டம்ளர் தண்ணீர். 5 விசில். நீரை வடித்துத் தனியே வைத்து, மத்தால் கடைந்து, மிளகாய் சேர்க்கும் முன் பிள்ளையின் பங்கை எடுத்துவிடுங்கள். கரண்டியைச் சாய்த்தால் சொட்டாமல் மெதுவாக நழுவ வேண்டும், அதுதான் பதம். மொத்தப் பருப்பில் புரதம் சுமார் 10 கிராம். மூன்றில் ஒரு பங்கு பிள்ளைக்குப் போனாலே 3 கிராம். மேலே நாலு சொட்டு எலுமிச்சை விட்டால் பருப்பின் இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும்.

இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கிடைத்தால் அதையே வாங்குங்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய காய் என்பதற்காக அல்ல, சதைப்பற்று அதிகம், கடைந்தால் திப்பி நிற்காது. காம்பில் முள் இருக்கிறது, பிள்ளை கையில் கொடுத்து விளையாட விடாதீர்கள். கத்தரிக்காய் தின்றதும் வாயைச் சொறிகிற பிள்ளைக்குச் சுரைக்காயோ பூசணியோ போடுங்கள்.

மிக்ஸி வேண்டாம். மிக்ஸி எல்லாவற்றையும் களிம்பாக்கிவிடும்; களிம்பையே விழுங்கிப் பழகிய பிள்ளை 2 வயதில் ஒரு பருக்கை தட்டினாலும் ஓங்கரிக்கும். மத்து அங்கங்கே திட்டுத்திட்டாக விடுகிறதே, அதுதான் வேண்டும். கட்டம் கட்டமாகப் பிரித்த பிளாஸ்டிக் தட்டும் வீண் செலவு.

படி 5: தட்டில் வைக்கும் முறை

தெரிந்தது இரண்டு, புதியது ஒன்று. புதியது பட்டாணி அளவுதான். எதைக் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு தின்பது என்பது பிள்ளையின் பொறுப்பு. தொட்டாலும் மோந்தாலும் நக்கித் துப்பினாலும் நோட்டில் ஒரு கோடு போடுங்கள். சில உணவு மூன்றாம் கோட்டில் இறங்கும், பலவற்றுக்குப் பத்து, பதினைந்து கோடு ஆகும். நாலாவது முறையிலேயே கைவிடுவதால்தான் “எங்க பிள்ளைக்குப் பிடிக்காத லிஸ்ட்” நீளமாகிறது.

20 நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். செல்போன் காட்டி ஊட்டினால் இன்றைக்கு நாலு வாய் கூட இறங்கும், ஆனால் வாயில் போனது கத்தரிக்காயா காரட்டா என்பது பிள்ளைக்குத் தெரியாது, பழக்கமே ஆகாது. பூச்சாண்டிக்கும் அதே கதிதான். “இதைச் சாப்பிட்டா சாக்லேட்” என்பது இன்னும் மோசம், சாக்லேட்டின் விலைதான் ஏறும்.

மல்லாட்டை (நிலக்கடலை), கேவுரு (கேழ்வரகு), பிரியாணி

மல்லாட்டையில் 100 கிராமுக்கு 25 கிராம் புரதம். முழுசாக மட்டும் 5 வயது வரை கொடுக்கவே கூடாது. மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். முழுப் பொட்டுக்கடலைக்கும் அதே தடை. பூஞ்சை பிடித்தது, சுருங்கியது, கறுத்தது எல்லாம் பொறுக்கி எறிந்துவிட்டு, வறுத்துத் தோல் புடைத்து நைசாகப் பொடி செய்து தோசைமேல் ஒரு டீஸ்பூன் தூவுங்கள், அல்லது காரமில்லாத சட்னி. இதற்கும் முட்டைக்குச் சொன்ன ஒவ்வாமைக் கவனம் உண்டு.

கேவுரு களியும் கூழும் சுண்ணாம்புச்சத்துக்கு அருமை. புரதக் கணக்கில் மட்டும் அதை நம்பாதீர்கள், 100 கிராம் மாவில் 7 கிராம்தான். அங்கன்வாடி சத்துமாவு கிடைக்கிற வீட்டில் அதைக் கஞ்சியாகக் கரைப்பதைவிடப் பால் விட்டுக் கெட்டியாகக் கிளறலாம், கொழுக்கட்டையாகவும் பிடிக்கலாம். கஞ்சியில் தண்ணீர்தான் வயிற்றை நிரப்பும்.

ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் பிரியாணியில் சோறு மட்டும் கேட்கிற பிள்ளை இருக்கிறதா? நல்ல பாலம் அது. கோழித் துண்டை நாராகக் கிழித்து, காரம் போகத் தயிரில் பிசறி, சீரகச்சம்பா சோற்றுக்குள் ஒளிக்காமல் பக்கத்தில் வையுங்கள். வெந்த கறி 20 கிராம் என்றால் 5 கிராம் புரதம்.

பின்னால் சேர்த்தது

முட்டை, பால் பழகியதும் மலச்சிக்கல் வந்ததாகச் சிலர் கேட்டிருந்தார்கள். பாலின் அளவைத் திரும்பப் பாருங்கள், 400 தாண்டியிருக்கும். கொய்யா (விதை எடுத்து), பப்பாளி, கீரை சேர்த்துத் தண்ணீரும் கூட்டுங்கள்.

ஓங்கரிப்பதும் அடைத்துக்கொள்வதும் வேறு வேறு. ஓங்கரிக்கும் பிள்ளை சத்தம் போடும், முகம் சிவக்கும், தானே வெளியே தள்ளும். அடைத்துக்கொண்ட பிள்ளைக்குச் சத்தமே வராது. அது உடனடி ஆபத்து, உட்கார்ந்து வேடிக்கை பார்க்கக் கூடாது.

டப்பாவில் வரும் சத்துமாவுப் பானத்தில் எத்தனை கரண்டி என்று கேட்டவர்களுக்கு: பூஜ்யம். லேபிளின் முதல் மூன்று பெயரில் சர்க்கரை இருக்கிறதா என்று பாருங்கள்.

டாக்டரிடம் போக வேண்டியது எப்போது? மூன்று மாதமாக எடை அட்டையில் கோடு ஏறவில்லை. ஒன்றரை வயதாகியும் திட்டுள்ள எதுவும் இறங்கவில்லை. ஒவ்வொரு சாப்பாட்டிலும் இருமல். உள்ளங்கையும் கண்ணிமையின் உட்பக்கமும் வெளுப்பு. மண், சாக்பீஸ், சுவர்ச் சுண்ணாம்பு தின்கிற பழக்கம். கடைசியாகச் சொன்னது பல நேரம் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். போகும்போது படி 1-இல் எழுதிய நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.