சென்னை வீட்டுக்கு ஹியூமிடிஃபையரா?

முதலில், ஈரப்பதம் அளக்கும் ஒரு ஹைக்ரோமீட்டர் வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். சென்னைக் காற்றில் ஈரப்பதம் ஆண்டு சராசரியாகவே 70 சதவீதத்துக்கு மேல். ஜன்னல் திறந்திருக்கும் அறைக்கு, காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையர் தேவையே இல்லை. உப்பு டப்பா தானாகக் கசியும் ஊரில் ஈரத்தைக் காசு கொடுத்து வாங்குவானேன்?

இரவெல்லாம் ஏசி ஓடும் அறை வேறு கதை. விடியும்போது தொண்டை வறண்டு எழுகிறவர்கள் மீட்டரைப் பாருங்கள். 40 சதவீதத்துக்குக் கீழே போனால் மட்டும் ஹியூமிடிஃபையரைப் போடுங்கள். 50-ஐ எட்டியதும் நிறுத்திவிடலாம். 60-ஐத் தாண்டினால் அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை ஆரம்பிக்கும். ஹியூமிடிஃபையர் வாங்கும் முன்னால் ஏசியை 26 டிகிரியில் வைத்து, காற்று முகத்தில் அடிக்காமல் திருப்பிப் பாருங்கள். பலருக்கு அதிலேயே சரியாகிவிடலாம்.

வைத்தே ஆக வேண்டுமென்றால், இரண்டு மூன்று அடி உயர ஸ்டூலில், சுவரையும் மர பீரோவையும் விட்டுத் தள்ளி வையுங்கள். ஏசிக்கு நேர் கீழே வேண்டாம். இது விடுகிற ஈரத்தை அது உறிஞ்சி வெளியே கொட்டும், கரண்ட் பில்தான் ஏறும்.

தண்ணீர்தான் முக்கியம். அதிர்வால் தண்ணீரைப் பனியாக்கும் அல்ட்ராசோனிக் வகையில் போர் தண்ணீர் ஊற்றினால், அதிலுள்ள உப்பும் சுண்ணாம்பும் பனியோடு பறந்து டிவி மேல் வெள்ளைப் பொடியாகப் படியும். எங்கள் வீட்டில் நாலே நாளில், விரலால் பெயர் எழுதும் அளவுக்குப் படிந்தது. ஆர்ஓ தண்ணீர் போதும். மிச்சத் தண்ணீரைத் தினமும் காலையில் கொட்டிவிட்டு, தொட்டியைத் துடைத்துக் காய வையுங்கள். அப்புறம், வாரம் ஒருமுறை வினிகர் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசுங்கள்.